பெயருக்குக் கீழே புள்ளிகள்

கல்லூரியில் பக்கத்து அறைக் கதவின் பெயர்ப்பலகையில் நேற்று அவள் பென்சிலால் வைத்த புள்ளிகள் இன்று பழுப்பு மையாகியிருந்தன. மேலே பெயரைக் காணோம்.

இடைக்கால இத்தாலிய இலக்கியத்தில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு, ஊரில் நாலு பேருக்கு மட்டும் புரிகிற ஜோக்தான் வரும். அந்தக் காலத்தில் ஆட்டுத்தோலில் நூல்களைப் பிரதி எடுத்தவர்கள் தப்பான சொல்லைக் கோடு போட்டு அடிக்க மாட்டார்கள். கீழே வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். இதை விட்டுவிட்டுப் படி என்று அர்த்தம். துறையில் காலியான ஒரே நிரந்தர வேலைக்கு அவளோடு மோதியவரின் பெயருக்குக் கீழே அப்படி வைத்திருந்தாள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. அவள் கழுத்துவலிக்குத் தைலம் கொடுத்த நல்ல மனுஷன் வேறு.

கதவைத் திறந்தாள். கூரைவரை உடைந்த நாற்காலிகள், ஈரத்தோலும் துருவும் கலந்த வாடை, இருட்டின் அடியில் எங்கோ இறகுமுனை கீறுவதுபோல் மெல்லிய சத்தம்.

"சார் எங்கேப்பா?" என்றாள் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம்.

"எந்த சார்? இது எப்பவும் ஸ்டோர் ரூம்தானே மேடம். படிச்சுப் படிச்சு உங்களுக்கு மறை கழண்டுடுச்சா?"

எச்சில் தொட்டுப் புள்ளிகளை அழித்தாள். பலகையிலிருந்து போயின. விரல்நுனிக்கு வந்தன. சோப்புக்கும் மசியவில்லை.

வீடுவரை கையை மூடியே வைத்திருந்தாள். மகள் தன் அறைக்குள் இழுத்துப்போனாள்.

"என்னம்மா ஒளிச்சு வெச்சிருக்க? சாக்லேட்டா?"

"தொடாதடி!"

அதற்குள் விரல்களைப் பிரித்துவிட்டாள் குட்டி.

அம்மாவின் விரல்நுனி சுத்தமாக இருந்தது.

மகளின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு நோக்கி ஒரு புள்ளி. இன்னொன்று. இடைவெளி பிசகாமல்.

"அம்மா, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

தோலில் ஏறிய மை கத்தியால் சுரண்டினால்தான் போகும். வருடாவருடம் வகுப்பில் சொல்வாள்.

கீறும் சத்தம். மிக அருகில்.

கூடத்திலிருந்து கணவன் குரல் கொடுத்தான். "ஏய், அங்க யார்கிட்ட பேசிட்டிருக்க?"

"உங்க பொண்ணுகிட்டங்க! சீக்கிரம் வாங்க!"

அவன் சிரித்தான்.

"எந்தப் பொண்ணு? ஸ்டோர் ரூம விட்டு வெளிய வா முதல்ல."

கட்டில் இருந்த இடத்தில் நாற்காலிக் கால்கள். கூரைவரை. அவள் கைக்குள் ஒரு சின்னக் கை மட்டும், இன்னும் சூடாக, இறுகப் பிடித்தபடி.