மூளைக்கு அம்மாவைத் தெரியவில்லை

“டக்!”

விளக்கு அணைந்தது. தையல் மெஷின் நின்றது. இஸ்திரிப் பெட்டியின் சிவப்பு விளக்கும் அணைந்தது.

“போச்சு! மறுபடியும் போச்சு!” என்று அம்மா கத்தினார். “ஏய், ஓடி வாடி! வந்து கையை ஆட்டு!”

நான் ஓடிப்போய் அறை நடுவில் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன்.

“டக்!” எல்லாம் திரும்பி வந்தது.

காலையிலிருந்து இது பதினோராவது தடவை. எனக்குத் தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் எங்கள் அப்பாதான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்த லிஃப்டும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். வீடு மட்டும் ஏன் கேட்கக் கூடாது என்று திடீரென்று அவருக்கு ஓர் ஆசை. சோப்பு டப்பா அளவில் ஒரு குட்டிக் கணினியை வாங்கி வந்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் சுவரைக் குடைந்தார், வயரை இழுத்தார், விரலைச் சுட்டுக்கொண்டார். கணினிக்கு ‘மூளை’ என்று பெயர் வேறு வைத்தார். நேற்று மாலைதான் வேலை முடிந்தது.

ஒவ்வோர் அறையின் மூலையிலும் இப்போது ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கிறது. மனித உடம்பின் சூடு நகர்ந்தால் அது உடனே மூளையிடம் சொல்லும். மூன்று நிமிடம் எதுவும் நகரவில்லை என்றால், அறையில் ஆள் இல்லை என்று மூளை முடிவுகட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும்.

தையல் அறையில் இருப்பதே ஒரே ஒரு ப்ளக். விளக்கு, மெஷின், இஸ்திரிப் பெட்டி மூன்றுக்கும் அதுதான். அந்த ப்ளக்கையும் அப்பா சுவருக்குள்ளேயே மூளையோடு சேர்த்துவிட்டார். அதற்கு ஒரு காரணம் உண்டு. போன மாதம் அம்மா இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்து கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்தால் வீடு முழுக்கப் புகை! மேசையில் கறுப்பாக ஒரு பள்ளம். அன்றைக்கு அப்பா ரொம்பவே பயந்துபோனார்.

எல்லாம் சரிதான். ஆனால் அம்மா பொத்தான் தைக்கும்போது நகரவே மாட்டாரே! தலையைக் குனிந்து உட்கார்ந்தால், விரல் நுனி மட்டும்தான் அசையும். அவ்வளவு சின்ன அசைவு குமிழுக்குத் தெரியாது.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா?

எங்கள் பள்ளிப் பாட்டுக் குழுவுக்கு இருபத்திரண்டு கருநீலச் சட்டைகள். பகலில் வகுப்பு கிடையாது; மாலை ஐந்து மணிக்கு நிகழ்ச்சி. நான்கு மணிக்குப் பாட்டு டீச்சர் வந்து வாங்கிக்கொண்டு போவார். பதினாறு சட்டைகள் முடிந்துவிட்டன. மீதி ஆறுக்கும் பொத்தான் வைக்க வேண்டும், ஓரம் மடித்துத் தைக்க வேண்டும், தேய்க்க வேண்டும். ஆறில் கடைசிச் சட்டை என்னுடையது. தையல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு எப்போதும் கடைசியில்தான் தைப்பார்கள். சட்டை இல்லாதவர்கள் மேடை ஏற முடியாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

வெளியே மழை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். விளக்கு இல்லாமல், கருநீலத் துணியில் கருநீல நூல் எப்படித் தெரியும்? வேறு அறைக்குப் போகலாம் என்றால் அங்கேயும் இதே மூளை, இதே மூன்று நிமிடம்.

நான் அப்பாவுக்கு போன் செய்தேன்.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன். என்ன விஷயம்?”

“உங்க மூளை அம்மாவை வேலை செய்ய விடமாட்டேங்குது!”

“மூளை சரியாத்தான் இருக்கும். அம்மாவை அப்பப்ப கையை ஆட்டச் சொல்லு.”

அம்மா போனைப் பிடுங்கினார். “நான் ஊசியைப் பிடிப்பேனா, உங்க மூளைக்கு டாட்டா காட்டுவேனா?”

“கோபப்படாதே. மூணரைக்கு வந்துடுவேன், பார்க்கலாம்” என்று அப்பா போனை வைத்துவிட்டார்.

“டக்!”

பன்னிரண்டாவது தடவை.

நான் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் பட்டப்பெயர் வாலு. “வாலு, மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை இங்க வந்து குதிக்கணும். சரியா?”

“எனக்கு என்ன தருவே?”

“என் கலர் பென்சில்.”

வாலு மூன்று தடவை குதித்தான். நான்காவது தடவை ஆளைக் காணோம். கட்டிலுக்கு அடியில் என் கலர் பென்சிலை வைத்துக்கொண்டு லிஃப்ட் வரைந்துகொண்டிருந்தான்.

பிறகு மேசை மின்விசிறியையும் அதே ப்ளக்கில் மாட்டி, அதற்கு முன்னால் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டேன். துணி நன்றாகத்தான் ஆடியது. ஆனால் துணிக்கு உடம்புச் சூடு ஏது? குமிழ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. “டக்!”

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. நேராகத் தையல் அறை வாசலுக்கு வெளியே மாட்டியிருந்த மூளையிடம் போய் அதன் சின்னத் திரையைப் பார்த்தேன். ‘தையல் அறை: ஆள் இல்லை’ என்று போட்டிருந்தது.

அம்மாவும் பின்னாலேயே வந்து அதைப் படித்தார்.

“ஆள் இல்லையா? காலையில ஆறு மணியிலேருந்து முதுகு ஒடிய அங்கதானே உட்கார்ந்திருக்கேன்! நான் ஆளா தெரியலையா இதுக்கு?”

அம்மாவின் குரல் ஒருமாதிரி ஆகிவிட்டது. எனக்கும் கஷ்டமாக இருந்தது.

“அந்த மூணு நிமிஷ விதியையே எடுத்துடவாம்மா? எப்படின்னு அப்பா எனக்குக் காட்டியிருக்கார்.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “வேண்டாம்டி. என் மறதி மேல எனக்கே பயமா இருக்கு. அன்னைக்குத் துணியில தீப்பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

மணி பன்னிரண்டரை. இன்னும் ஐந்து சட்டைகள் பாக்கி.

அம்மா திரும்பப் போய் உட்கார்ந்தார். நான் அடுத்த கையாட்டலுக்குத் தயாராக வாசலில் நின்று, அவரையே கண்கொட்டாமல் பார்த்தேன். தேய்க்கும்போது அம்மா எழுந்து நின்றார், நடந்தார். விளக்கு அணையவில்லை. பொத்தான் வைக்கும்போது ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் “டக்!” என்றது. அசையாமல் இருக்கும்போதெல்லாம் அம்மா நாற்காலியில்தான் இருந்தார்.

நாற்காலி!

அப்பாவின் பெட்டியைக் குடைந்தேன். பின்கதவுக்கு மாட்டுவதற்காக வாங்கிய ஒரு கருவி இன்னும் பிரிக்காமல் கிடந்தது. அதில் இரண்டு துண்டுகள். ஒன்றில் காந்தம் இருக்கும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், ‘கதவு மூடியிருக்கிறது’ என்று வயர் இல்லாமலே மூளைக்குத் தெரியும். விலகினால், ‘திறந்திருக்கிறது’.

அம்மாவின் துணி மூட்டையிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை எடுத்தேன். மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, நடுவில் ஸ்பாஞ்ச். நூலால் கட்டி, நாற்காலிக் குஷனுக்கு அடியில் வைத்தேன்.

“என்னடி பண்றே? எனக்கு நேரமில்லை!”

“ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பாரும்மா.”

அம்மா உட்கார்ந்தார். திரை ‘திறந்திருக்கிறது’ என்றே சொன்னது.

“இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்காரும்மா!”

“இருக்கற வெயிட்டைத்தானே வைக்க முடியும்? கடையிலயா வாங்கிட்டு வருவேன்?”

ஸ்பாஞ்ச் தடிமன்! அதைப் பாதியாக வெட்டி மறுபடி வைத்தேன். அம்மா உட்கார்ந்தார். ‘மூடியிருக்கிறது.’ எழுந்தார். ‘திறந்திருக்கிறது.’

மூளைக்குப் புது விதி எழுதினேன். நாற்காலி ‘மூடியிருக்கும்’வரை மின்சாரத்தில் கை வைக்காதே. ‘திறந்த’ பிறகு மூன்று நிமிடம் அறையில் யாரும் நகரவில்லை என்றால் மட்டும் நிறுத்து.

அம்மா ஊசியை எடுத்தார். மூன்று நிமிடம் ஆனது. ஐந்து நிமிடம் ஆனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் ஆகியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “என் தங்கம்!” என்றார்.

மூன்றரைக்கு அப்பா வந்தார். பாக்கி ஐந்தில் நான்கு சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. அம்மா என் சட்டைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். அப்பா திரையைப் பார்த்தார். முகம் மாறியது.

“யார் விதியை மாத்தினது? அடுத்த தடவை இஸ்திரிப் பெட்டியை மறந்துட்டுப் போனா என்ன ஆகும்?”

“எழுந்து போனா அணைஞ்சிடும்ப்பா. வேணும்னா நீங்களே பாருங்க.”

“பார்க்கத்தான் போறேன். ரெண்டு பேரும் வெளியே வாங்க.”

மூவரும் வாசலில் நின்றோம். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா அப்பாவை முறைத்தார். மூன்றாவது நிமிடம், “டக்!”

“பார்த்தாச்சா? நகருங்க, என் மூணு நிமிஷம் போச்சு!” என்று அம்மா உள்ளே ஓடினார்.

அப்பா தலையைச் சொறிந்தார். “கதவுக்கு வாங்கினதை நாற்காலிக்கு வைக்கலாம்னு எனக்கு ஏன் தோணாமப் போச்சு?”

“அம்மா தைக்கிறதை நீங்க உட்கார்ந்து பார்த்ததே இல்லையேப்பா.”

அப்பா கொஞ்ச நேரம் அம்மாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இஸ்திரிப் பெட்டியை எடுத்து, என் சட்டையைத் தானே தேய்த்துக் கொடுத்தார். காலர் கொஞ்சம் கோணல்தான். டீச்சர் வந்து அழைப்பு மணியை அடித்தபோது சட்டை இன்னும் சூடாக இருந்தது. அன்று மேடையில் இருபத்திரண்டு பேரும் நின்று பாடினோம்.

மறுநாள் காலை அப்பா, “அடுத்தது சமையலறை” என்றார்.

“ஐயோ, போதும்ப்பா!” என்று நானும் வாலுவும் ஒரே நேரத்தில் அலறினோம்.

ஆனால் அப்பா டூல் பாக்ஸைத் தொடவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“என்ன வேணும்?” என்று கேட்டார் அம்மா.

“ஒண்ணும் வேண்டாம். நீ எப்படி வேலை செய்யறேன்னு பார்க்கப் போறேன்.”

“பார்க்கிறது கண்ணுதானே? கை சும்மாத்தானே இருக்கு?” அம்மா ஒரு கிண்ணம் நிறைய வெங்காயத்தை அவர் மடியில் வைத்தார்.

மூன்றாவது வெங்காயத்தை உரிக்கும்போதே அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“கண்ணு, எழுதிக்கோ” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே என்னிடம் நோட்டை நீட்டினார். “சமையலறை, விதி ஒண்ணு. வெங்காயம் உரிக்கிறவங்க ஸ்டூல்ல உட்கார்ந்ததும், எக்ஸாஸ்ட் ஃபேன் தானா ஓடணும்!”

எங்கள் வீட்டில் யாருமே குறை சொல்லாத விதி இன்றுவரை அது ஒன்றுதான்.