எட்டாள் வேர்வை அறை

செவ்வாயின் தென்பள்ளக் குடியேற்றத்தில் காலையில் எதிர்ப்படுகிறவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பதில்லை. "வேர்த்தாச்சா?" என்பார்கள். காரணம் இருக்கிறது. கண்ணாடிக் கவிகைக்குக் கீழே எப்போதும் ஒரே குளிர்ச்சி. எவர் உடம்பாவது கொஞ்சம் சூடானால் போதும், சுவரிலுள்ள காற்றுக்குழல்கள் கழுத்தை நீட்டி மோப்பம் பிடித்து வந்து, சில்லென்று ஊதிவிட்டுப் போகும். பிறந்தது முதல் இப்படிச் சீராட்டப்பட்ட உடம்புக்கு வேர்க்க மறந்துவிட்டது. வாரம் ஒரு வேர்வை மாத்திரை விழுங்கித்தான் தோலின் துளைகளைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆவுடையப்பனுக்கு அந்த மாத்திரை கைவிட்டுவிட்டது. வேர்வையை அளக்க எல்லோர் மணிக்கட்டிலும் ஒட்டியிருக்கும் துளைமானி, அவருக்கு மட்டும் சிவப்பை விட்டு நகரவில்லை. வைத்தியர் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: அடுத்த சோதனைக்குள் ஒரு தடவையாவது உடம்பு தானாக வேர்க்க வேண்டும், இல்லையென்றால் உறைகூடம்தான். மருந்து கண்டுபிடிக்கும் வரை பனிப்பெட்டிக்குள் தூக்கம். உள்ளே போன யாரும் இதுவரை எழுந்து வந்ததாகத் தகவல் இல்லை.

அவர் மனைவி சொர்ணவல்லி அன்று முழுக்க அழுதாள். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போனாள். பூமியில் குளிர்தேசத்துக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்களாமே, மரப்பலகை அடித்த வேர்வை அறை, அதுதான் ஒரே வழி. அதற்குள் காற்றுக்குழல் எட்டிப் பார்க்க முடியாது. தேவதாரு மரமா, மூங்கிலா, கல் அடுப்பா, ஒளி அடுப்பா என்று கடைக்காரரைப் படுத்தி எடுத்து, கடைசியில் இருப்பதிலேயே பெரியதைக் கைகாட்டினாள். உயிர் போகிற வேளையிலும் ஊர் மெச்ச வேண்டாமா?

"ஒருத்தன் வேர்க்கதுக்கு எட்டாள் அறையா? கூடத்துல பாதி போயிருமேட்டி!" என்றார் ஆவுடையப்பன்.

"நாலு பேரு வந்து பாக்க மாட்டாவளா? எதிர்வீட்டுப் பங்கஜம் ஒரு குளிர்பெட்டிய வாங்கிட்டு என்னா பேச்சு பேசுனா! நீங்க வேர்க்க வழியப் பாருங்க."

சோதனைக்கு முந்தின நாள்தான் அறை வந்து சேர்ந்தது. பொருத்தும் இயந்திரன் பலகைகளைக் கோத்து, மூலையில் அடுப்பை வைத்து, அதன்மேல் கருங்கற்களை அடுக்கியது. "கற்களின் மீது தண்ணீர் மட்டும் தெளிக்கவும்" என்று அச்சுத் தமிழில் மூன்று முறை அறிவித்தது.

யார் காதில் விழுந்தது? வீட்டுக்குப் புது அடுப்பு வந்திருக்கிறது. பால் காய்ச்சாமல் எப்படிப் பற்ற வைப்பது? சொர்ணவல்லி அடுக்ககம் முழுவதற்கும் சொல்லி அனுப்பிவிட்டு, கற்களின்மேல் பால் செம்பை ஏற்றினாள். பால் பொங்கி, நான்கு பக்கமும் வழிந்தது. சொர்ணவல்லி கைகூப்பினாள். கற்களுக்கு நடுவிலிருந்து ஒரு வெடிச் சத்தம், கரும்புகை, தீய்ந்த பால் வாடை. அடுப்பு அணைந்தது.

இயந்திரன் குனிந்து பார்த்தது. "சூட்டுக்கம்பி பழுது. மாற்றுக்கம்பி பூமியிலிருந்து வர வேண்டும். அடுத்த கப்பல் ஒன்பது மாதம் கழித்து. உத்தரவாதத்தில் பால் சேராது."

சொர்ணவல்லி அதன் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நாளைக்கு அவியளப் பெட்டியில வச்சிருவாவ. ஏதாவது செய்யுங்கய்யா!"

"வாடிக்கையாளருக்கு நன்றி" என்றுவிட்டு அது போயிற்று.

 ஆவுடையப்பன் ஆறிப்போன அறைக்குள் சென்று பலகையில் உட்கார்ந்துகொண்டார். "நாளைக்கு வர்ற உறைகூடத்து வண்டி இங்கேயே வந்து தூக்கிக்கிடட்டும்" என்றார். அவள் எவ்வளவு கெஞ்சியும் எழுந்திருக்கவில்லை.

பால் காய்ச்ச வந்தவர்கள் துக்கம் விசாரிக்கிறவர்களாக மாறினார்கள். முதலில் நுழைந்தவள் பங்கஜம். "அண்ணாச்சி, எப்படி ஆச்சு?" என்று கேட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க அவள் கணவன். அவனைத் தேடி அவன் தம்பி. கீழ்மாடி, மேல்மாடி, பின்கட்டு. "எப்படி ஆச்சு?" என்ற ஒரே கேள்வியை ஒவ்வொருவரும் புதிதாகக் கேட்டார்கள். பார்த்தவர் யாரும் வெளியே வரவில்லை. அடுத்தவர் என்ன கேட்கிறார் என்பதைத் தவறவிடலாமா?

"உள்ள போங்கய்யா, உள்ள எடம் கெடக்குல்லா!"

"எம் மேல எதுக்கு ஏறுதீரு?"

"கதவச் சாத்துங்க, அண்ணாச்சிக்குக் குளிர்காத்து ஆவாது!"

கதவு சாத்தப்பட்டது. எட்டுப்பேர் அறைக்குள் ஓர் அடுக்ககமே நின்றது.

வெளியே சொர்ணவல்லிக்குப் பதறியது. வேர்க்காத மனுஷனை இப்படி நெரித்தால் நாளைக்கு முன்னால் இன்றைக்கே போய்விடுவாரே! கதவை இழுத்து, பங்கஜத்தின் இடுப்பில் முழங்கையால் இடித்து, யார் யார் காலையோ மிதித்து உள்ளே புகுந்தாள். நடுவில் ஆவுடையப்பன், பலகையில் உட்கார இடம் போய், விழி பிதுங்க நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் நனைந்திருந்தது.

"அழாதீங்க, நான் இருக்கேன்லா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கண் காய்ந்துதான் இருந்தது. நெற்றியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் கையைத் தூக்க இடமில்லை. அவளே பிடித்து உயர்த்தினாள். துளைமானி பச்சை.

இந்தச் செய்தி வேர்வை அறைக் கடைக்குப் போகாமல் இருக்குமா? அடுத்த கப்பல் வருவதற்குள்ளேயே அடுப்பில்லாத புது ரகம் வந்துவிட்டது. பெயர் 'நெரிசல் அறை'. அறையோடு கூடவே, நெரிப்பதற்குப் பயிற்சி பெற்ற மனிதர்களும் வருவார்கள். சாதாரண வகையில் வெறுமனே இடிப்பார்கள். உயர்வகையில் காலையும் மிதித்து, "கண்ணு தெரியலையா?" என்றும் கேட்பார்கள். உட்கார இடமே கிடைக்காத வகைக்குத்தான் ஏகக் கிராக்கி.

பதிவு தொடங்கிய அன்று சொர்ணவல்லியும் பங்கஜமும் சேர்ந்தே போனார்கள். கடைக்குள் எள் போட்டால் கீழே விழாது. குடியேற்றமே முண்டியடித்துக்கொண்டு நின்றது. காற்றுக்குழல்கள் யாரை ஊதுவதென்று தெரியாமல் கழுத்தைச் சுருட்டிக்கொண்டன. எல்லோர் மணிக்கட்டிலும் பச்சை மினுங்கியது. ஒருவரும் பார்க்கவில்லை. விளம்பரத் தாளை மடித்து விசிறிக்கொண்டே, கழுத்தைத் துடைத்தபடி, "என்ன கூட்டம், என்ன புழுக்கம், மனுஷன் நிப்பானா இங்க? ஏ கடைக்காரரே, காத்தப் போடுமய்யா!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.