ஆ-ஹானின் முழு பேக்கப்

காலையில் சோயா பாலும் முட்டை அடையுமாக நான் கீழ்த்தளத்துக்கு இறங்கியபோதே எங்கள் மேலாளர் லாய் சார் சர்வர் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். தைச்சுங் நகரில் எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய கட்டடம் அது. சலவை அறையைத் தாண்டி, ஈரத்துணி வாடை முடிகிற இடத்தில் எங்கள் அறை. எப்போதும் குளிர், எப்போதும் மின்விசிறிகளின் இரைச்சல், எப்போதும் வெள்ளை வெளிச்சம். உள்ளே போய்விட்டால் பகலா இரவா என்று தெரியாது.

"நேத்தும் மதியம் ஆஸ்பத்திரி பூரா கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு. மருந்து வாங்குற ஜனங்க அடிக்க வர்றாங்க. என்ன கிழிச்சிட்டிருக்கே ஜியென்?"

"மதியம் ஓட வேண்டியது சின்ன பேக்கப் சார். அதுக்குப் பதிலா முழு பேக்கப் ஓடுது. அதான் எல்லாம் திணறுது. யார் ஓட்டுறாங்கன்னுதான்..."

"யாரா? ஆ-ஹான்தான்! எதையோ செஞ்சு வெச்சிட்டுப் போயிருக்கான். செத்தும் கழுத்தறுக்கிறான். சாயங்காலம் டைரக்டர்கிட்ட அப்படித்தான் எழுதிக் கொடுக்கப் போறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆ-ஹான் என்னோடு வேலை பார்த்தவன். வசந்தத்தில் இதே அறையில், விசைப்பலகை மேல் தலையைச் சாய்த்தபடி செத்துக் கிடந்தான். ஓய்வில்லாமல் அவனை உள்ளே உட்காரவைத்தது இந்த மனிதர்தான். ஆள் இருக்கிறானா என்று பார்க்க வீட்டிலிருந்து சர்வர் அறைச் சுவர் போனுக்கு அடிப்பார். சாப்பிடும்போது அடிப்பார், கண்ணயர்ந்தால் அடிப்பார். செத்த மறுநாள் "அவனுக்கு இதயம் பலவீனம்" என்று சொல்லி முடித்துவிட்டு, அந்தப் போனைக் கழற்றச் சொன்னார். சுவரில் இப்போது அறுந்த கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

அவன் மனைவி மெய்-ஹுய் இரண்டு மாடி மேலே, சிறுநீரகப் பிரிவில் நர்ஸ். புருஷனைப் பறிகொடுத்தவள், இனி அவன் நாசகாரன் என்றும் கேட்க வேண்டுமாம். சாயங்காலத்துக்குள் உண்மையைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

விஷயம் இதுதான். ஞாயிறன்று எல்லாத் தரவையும் நகலெடுப்போம். அது முழு பேக்கப். மற்ற நாட்களில் கடைசி முழு பேக்கப்புக்குப் பிறகு மாறியதை மட்டும் எடுப்போம்; அது சின்னது. சின்னது தனியாக எதற்கும் உதவாது. அது எந்த முழு பேக்கப்பின் மேல் நிற்கிறதோ, அதுவும் கையில் இருக்க வேண்டும்.

நேரப்படி ஓடும் வேலைகள் எல்லாவற்றையும் பார்த்தேன். ஆ-ஹான் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. பதிவில் மட்டும் மதியம் ஓடிய ஒவ்வொரு முழு பேக்கப்புக்கும் எதிரே அவன் பெயர் இருந்தது. இன்னும் விட்டுவைத்திருந்த அவன் லாகின் கணக்கை அடியோடு அழித்தேன். அழிக்கும்போது கை கூசியது.

பிறகு வேறொன்று அகப்பட்டது. காசு மிச்சம் என்று லாய் சார் கோடையில் தன் மச்சானிடம் வாங்கிப் போட்ட மென்பொருள். அது தினமும் விடியற்காலையில் தானாக ஒரு முழு நகலை எடுத்து, இடம் போதவில்லை என்று சற்று நேரத்தில் தானே அழித்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாங்கள் எடுக்கும் சின்ன பேக்கப் அந்த அழிந்த நகலின் மேல் நிற்கிறது. அதாவது, அந்தரத்தில்.

மென்பொருளை நிறுத்திவிட்டு அவரிடம் சொன்னேன்.

"எனக்கே பாடம் எடுக்குறியா?" என்றார். "சரி, எல்லாத்தையும் நிறுத்திட்டேல்ல? மதியம் நானே வந்து பாக்குறேன். திரும்ப முழுசு ஓடிச்சுன்னா உன் பேரையும் சேர்த்து எழுதுவேன்."

மதியம் இருவரும் திரை முன்னால் நின்றோம். சர்வரின் தலையில் பச்சை பாக்கெட் நொறுக்குத்தீனி ஒன்று இருந்தது. இந்த ஊரில் அது இல்லாத சர்வர் அறை கிடையாது. பச்சை இருந்தால் இயந்திரம் மக்கர் பண்ணாது என்பது எங்கள் நம்பிக்கை. யாரும் தொடமாட்டோம். லாய் சார் அதை எடுத்துக் கிழித்து, எனக்கெதிரே மொறுமொறுவென்று தின்றார்.

"சார், அது..."

"பசிக்குது."

சின்ன பேக்கப் தொடங்கியது.

நின்றது.

முழு பேக்கப் தொடங்கியது. பக்கத்தில் ஆ-ஹானின் முழுப்பெயர் வந்தது: கூ போ-ஹான்.

"கணக்கை அழிச்சிட்டேன்னு சொன்னியே?"

"அழிச்சிட்டேன் சார்."

அப்போதுதான் வாடை வந்தது. பச்சை எண்ணெய். தூக்கத்தை விரட்ட ஆ-ஹான் நெற்றிப்பொட்டில் தேய்த்துக்கொள்ளும் அதே எண்ணெய்.

லாய் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. நடப்பது சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம். மறுலோகத்தின் கதவு திறந்து, போய்ச் சேர்ந்தவர்களெல்லாம் வெளியே உலவும் மாதம். உயிரோடிருப்பவரையே யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். இந்த மனிதர் அறை அதிரக் கத்தினார்:

"கூ போ-ஹான்! வெளியே போடா!"

மின்விசிறிகள் நின்றன.

விளக்கு அணைந்தது.

அந்த அறை அமைதியாக இருந்து நான் அதுவரை கேட்டதில்லை. காது வலித்தது. மூலையில் பேக்கப் இயந்திரம் மட்டும் தனியே ஓடியது. கரண்ட் இல்லாமல் எப்படி ஓடியது, எங்கிருந்து படித்தது என்று என்னைக் கேட்காதீர்கள். அதன் பச்சைப் பொட்டு இமைத்துக்கொண்டே இருந்தது.

காலி நாற்காலிப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம்.

நிதானமாக. அவசரமே இல்லாமல்.

"ஜியென்," லாய் சார் கிசுகிசுத்தார், "நீயா தட்டுறே?"

"நான் உங்க பின்னாடி நிக்கிறேன் சார்."

சத்தம் நின்றது. விளக்கு வந்தது. விசிறிகள் சுழன்றன. தரவு இருந்த டிஸ்க்குகள் மட்டும் எழவே இல்லை, வரிசையாகச் சிவப்பு. மாற்றுங்கள், மாற்றுங்கள் என்று நான் கெஞ்சி, அவர் தள்ளிப்போட்ட அதே டிஸ்க்குகள்.

மேலே ஆஸ்பத்திரி முழுக்கத் திரைகள் இருண்டுவிட்டன. யாருக்கு என்ன மருந்து, யாருக்கு எந்த ரத்தம், எதுவும் தெரியாது. லாய் சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வாங்கிப் போட்ட மென்பொருளை நம்பிப் போயிருந்தால் எங்களிடம் இருந்திருக்கும் சின்ன பேக்கப்புகள் எல்லாம் குப்பை. ஆனால் அந்த இடத்தில் ஒரு முழு பேக்கப் இருந்தது, சற்றுமுன் முடிந்தது, ஒரு நோயாளி விடுபடாமல். சின்னதை நம்ப முடியாது என்று எங்களுக்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் தினமும் வந்து முழுசையும் எடுத்திருக்கிறான், மடையன். செத்தும் வேலை பார்த்திருக்கிறான்.

உதிரி டிஸ்க்குகளைப் போட்டு எல்லாவற்றையும் மீட்டு முடித்தபோது சாயங்காலம். டைரக்டர் இறங்கி வந்தார், பின்னால் மெய்-ஹுய்.

"யார் காப்பாத்தினது?" என்றார் டைரக்டர்.

லாய் சார் தொண்டையைச் செருமினார். "என்னோட திட்டப்படி..."

"ஆ-ஹான்," என்றேன், அவரைவிடச் சத்தமாக. திரையைத் திருப்பிக் காட்டினேன். "பேரைப் பாருங்க. இவர் எழுதி வெச்சிருக்கற அறிக்கையையும் கேட்டு வாங்கிப் படிங்க."

டைரக்டர் படித்தார். திரையைப் பார்த்தார். அறிக்கையை இரண்டாகக் கிழித்து லாய் சார் கையிலேயே கொடுத்தார்.

மெய்-ஹுய் வாசலைத் தாண்டவில்லை. மூக்கை உறிஞ்சினாள். "ஜியென் அக்கா," என்றாள் மெதுவாக, "இங்க யாரு பச்சை எண்ணெய் தேய்ச்சிருக்கீங்க?"

அவள் அங்கேயே நின்று அழுதாள்.

ஏழாம் மாதம் முடிந்து கதவு சாத்தியாகிவிட்டது. நான் புதுப் பச்சை பாக்கெட் வாங்கி வைத்தேன். மதியம் சின்ன பேக்கப் ஒழுங்காக ஓடுகிறது. முழுசு வருவதில்லை.

லாய் சார் மட்டும் இளைத்துக்கொண்டே போகிறார். சாப்பிட உட்கார்ந்தால் போன் அடிக்கிறதாம், கண்ணயர்ந்தால் அடிக்கிறதாம். அணைத்து வைத்தாலும் அடிக்கிறதாம். எடுத்தால் விசிறி இரைச்சல் மட்டும். நேற்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"என்ன பழுதுன்னு பாரு ஜியென்."

போனை வாங்கிப் பார்த்தேன். வரிசையாக ஒரே எண், சர்வர் அறைச் சுவர் போனுடையது. கீழே இறங்கிச் சுவரையும் பார்த்தேன். அறுந்த கம்பி அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது.

மேலே வந்து போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"பழுது ஒண்ணும் இல்ல சார்," என்றேன். "நீங்க இருக்கீங்களான்னு பாக்குறான்."