மணல் மேட்டில் ஏறிக்கொண்டவள்

அடையாற்றுப் பாலம் தாண்டினால் அந்தக் காலத்தில் ஊர் முடிந்துவிடும். பிறகு பனை, சவுக்கு, மணல். திருவான்மியூர் போகும் சாலையோரம் யாரோ ஒரு வக்கீல் கட்டிப்போட்டிருந்த சின்ன ஓட்டு வீட்டைக் கோடை விடுமுறைக்கு வாடகைக்குப் பிடித்து, மயிலாப்பூர் பள்ளி ஆசிரியர் கஸ்தூரிரங்கன் மனைவியுடன் வந்து சேர்ந்தார். கோமளமும் சாமான்களும் மாட்டு வண்டியில் வர, அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு கூடவே வந்தார்.

காற்று மாறினால் தேவலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிறந்த குழந்தை தங்காமல் போனதிலிருந்து கோமளம் பேசுவதையே ஏறக்குறைய விட்டுவிட்டாள். சொன்னதைச் செய்வாள். கண்ணில் ஆள் இருக்காது. இந்த முறையும் தேறாவிட்டால் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுவது என்று வீட்டில் பேச்சு எழுந்திருந்தது.

மாடவீதியில் பெண்டாட்டியைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போனால் தெருவே சிரிக்கும். இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்? வந்த அன்றே கேரியரில் துண்டை மடித்துப் போட்டு, "ஏறிக்கோ," என்றார். மணலில் சக்கரம் சறுக்கி இருவரும் சாய்ந்தபோது கோமளம் வாய்விட்டுச் சிரித்தாள். கஸ்தூரிரங்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

அதன்பிறகு சாயங்காலம் தோறும் போனார்கள். வழியில் ஓரிடத்தில் கடல்மணல் சாலையை மூடி மேடாகக் கிடக்கும். அங்கே அவள் இறங்கிவிடுவாள். அவர் வண்டியைத் தள்ளி மேட்டைக் கடந்து, திரும்பிப் பார்க்காமலே "ஏறிக்கோ" என்பார். பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அவருக்கு இல்லை. பெரியவர்கள் நிறைந்த வீட்டில் கல்யாணமான நாளாக "இந்தா" என்றே ஓடிவிட்டது.

அன்றைக்கு வீடு திரும்பும்போது சவுக்குத் தோப்புக்குள் இருட்டு கட்டத் தொடங்கியிருந்தது. மேடு வந்தது.

"வாத்தியாருக்கு மூச்சு வாங்கறதே," என்றாள் கோமளம், இறங்கிக்கொண்டே.

"உன்னைச் சுமந்து பாரு, தெரியும்."

"என் மேலே பழி போடாதேங்கோ. மத்தியானம் தின்ன அடையைச் சொல்லுங்கோ."

சிரித்துக்கொண்டே தள்ளினார். மேட்டைத் தாண்டி வண்டியில் உட்கார்ந்து, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "ஏறிக்கோ," என்றார்.

கேரியர் அமுங்கியது.

மிதித்தார். காற்று நின்றிருந்தது. பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வழக்கமாக வரும் கருவாட்டு வாசனைகூட இல்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் தனிக்குடித்தனம் பார்க்கலாமா என்று கேட்டார். பின்னாலிருந்து சிரிப்பு. சொல்லச் சொல்லச் சிரிப்பு. அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று. முதுகில் ஒரு கை வந்து படிந்தது.

பட்ட இடத்தில் சட்டை நனைந்தது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குப்பத்துக்காரி வேலம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னா சாமி, தனியா வர்றே? அம்மா எங்க?"

சிரிப்பு நின்றது.

திரும்பினார். கேரியரில் துண்டு மட்டும்தான் இருந்தது. ஆனால் பின்சக்கரம் பாரம் தாங்காதது போல் மணலில் புதைந்து கிடந்தது.

வேலம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்த மேட்டாண்ட பேரைச் சொல்லிக் கூப்ட்டியா, சும்மா கூப்ட்டியா?"

"ஏறிக்கோன்னுதான் சொன்னேன்."

"பேர் சொல்லாம அங்க நாங்க ஒருத்தரையும் கூப்பிடறதில்ல சாமி. யார் வேணா வந்துரும்."

வண்டியைத் திருப்பி மிதித்தார். அது இன்னும் கனத்தது.

கோமளம் இறங்கிய இடத்திலேயே, மணலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு கூப்பிட்டேன்," என்றாள். குரலில் கோபமே இல்லை. "நீங்க பேசிண்டே போயிட்டேள். அவளும் நன்னா சிரிச்சுண்டே போனா."

"யாரு?"

அவள் புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"கோமளம்," என்றார், முதல் தடவையாக. "கோமளம், ஏறிக்கோம்மா. ஆத்துக்குப் போயிடலாம்."

அவள் கேரியரை வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கே உட்காரறது? எடம் இல்லையே."

சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்தார். மறுநாளே மயிலாப்பூர் திரும்பினார்கள். டாக்டர் மாறினார், மருந்து மாறியது. கோமளம் அதற்குப் பிறகு பேசவில்லை. இப்போதெல்லாம் அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அவள் திரும்புவதில்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பின் மாடி அறையில் பாய் விரித்துப் படுத்தார்கள். கோமளம் சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். ஊர் திரும்பியதிலிருந்து அப்படித்தான் படுக்கிறாள், நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு விட்டு.

"சுவரெல்லாம் ஓதம். கொஞ்சம் இப்படி வந்து படுத்துக்கோயேன், கோமளம்."

அவள் இன்னும் ஒடுங்கிக்கொண்டாள்.

அவளைத் தொட்டு இழுக்கக் கையை நீட்டினார். கை எட்டவில்லை. நடுவே பாயில் ஊன்றிக்கொண்டது. மழைக்குத் தரை முழுவதும் சில்லிட்டிருந்தது.

அந்த இடத்தில் மட்டும் பாய் சூடாக இருந்தது.