நூற்றுக்குப் பின் தொண்ணூற்றொன்பது

காவியா காலையில் அடுக்கி முடித்தபோது அந்த ஃபோல்டரில் எட்டு ஃபைல்கள்தான் இருந்தன. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் ஒன்பது. புதிதாய் வந்ததன் பெயர் ‘99-மாடத்தி’.

கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் வெடித்துக் கிடக்கும் காட்டை ஒட்டிய தீப்பெட்டி ஆபீஸ் அது; தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமையானதால் ஆள் அரவம் இல்லை. அங்கே கதவுப் பூட்டு முதல் விசிறி வரை இயக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மென்பொருளுக்குமான அமைப்பு ஃபைலைப் பிரித்து, பத்து, இருபது என்று எண் போட்டு வரிசைப்படுத்த வந்திருந்தாள். கம்ப்யூட்டர் வரிசையாகப் படிக்கும்; கடைசியில் படித்ததுதான் செல்லும். அறை முழுக்க மெழுகு வாடையும் தீக்குச்சி மருந்து வாடையும் மண்டியிருக்க, வெயிலில் விரியும் தகரக் கூரை, யாரோ ஒவ்வொரு விரலாகச் சொடுக்கெடுப்பது போல மெல்லச் சத்தமிட்டுக்கொண்டிருந்தது.

திறந்தாள். ஒரே வரி.

‘காயப்போடும் அறைக் கதவு: பூட்டு.’

மருந்து தோய்த்த குச்சிகளைச் சூட்டில் உலர்த்தும் அந்த அறைக்குள் எலக்ட்ரீஷியன் ராஜபாண்டி விசிறி மாட்டிக்கொண்டிருந்தார். அவளை விட்டால் பாஸ்வேர்டு தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். போன் போட்டாள்.

“அண்ணாச்சி, எங்கிட்ட விளையாடுதீங்களா? மாடத்தின்னு ஃபைலு போட்டு வச்சிருக்கீங்க?”



“அந்தப் பேர யாரு ஒனக்குச் சொன்னா?”

“அவிய யாரு?”

“போன வருசம் இங்கன வேல பாத்தவ. உள்ள ஆள் இருக்குன்னு தெரியாமக் கதவப் பூட்டியாச்சு. சூட்டுல போய்ச் சேந்துட்டா.”

“யாரு பூட்டுனா?”

“அழிச்சிரு ஏட்டி. கதவு தொறக்க மாட்டேங்கு. சூடு ஏறுது.”

அழித்தாள். பட்டியலைப் பார்த்தாள். இருந்தது. மறுபடி அழித்தாள். இருந்தது, நேரம் மட்டும் புதிதாக. இவரே போனிலிருந்து போடுகிறாரோ? பயந்தவர் மாதிரி நடிக்கிறாரோ? ஆனால் போனில் விட்டுவிட்டுக் கேட்கும் அந்த இருமல் நடிப்பில்லை.

அழிக்க முடியாவிட்டால் மிஞ்சலாம். ‘100-காவியா’ என்று ஒன்று எழுதினாள். கதவு: திற.

“இப்பத் தள்ளுங்க.”

“அசையல.”

பட்டியலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவசரத்தில் மறந்துவிட்டாள். கம்ப்யூட்டர் பெயரை எண்ணாக அல்ல, எழுத்தாகத்தான் வரிசைப்படுத்தும். ஒன்றில் தொடங்கும் நூறு மேலே, பத்தை ஒட்டி நின்றது. எல்லாவற்றுக்கும் கடைசியில் மாடத்தி.

“ஏட்டி...” ராஜபாண்டியின் குரல் தாழ்ந்தது. “நீ எப்ப உள்ள வந்த?”

“நான் கம்ப்யூட்டர் முன்னாலல்லா இருக்கேன்.”

“அப்ப எம் பின்னால நின்னு மூச்சு விடுதது யாரு?”

ஓடினாள். நடைக்கூடம். வெக்கை. கைப்பிடி கொதித்தது, அசையவில்லை.

கதவின் சின்னக் கண்ணாடியில் அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் கிரீஸ் கறுப்போடு அழுந்தியிருந்தன. அவற்றின் மேல் இன்னும் இரண்டு கைகள். சின்னவை. நகக்கண்ணெல்லாம் மருந்துச் சிவப்பு.

அவை அவருடைய விரல்களைக் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், பிரித்து எடுத்துக்கொண்டிருந்தன.