நாலு துளி

நாற்காலிக் கையில் கேட்கும் அந்தத் தட்டல் நின்றிருந்தது.

மூன்று வருடமாகச் செபநாயகத்தின் வலது கை ஓயாமல் நடுங்கி, மோதிரம் பலகையில் பட்டு டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். குசினியில் தேங்காய் துருவும்போதும் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதும் அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் அவருடைய மனைவி பெர்னடெட்டுக்கு நிம்மதி. இந்தப் பின்னேரத்தில் முன்னறை முழுவதும் அணைந்த மெழுகுதிரியின் புகையும், மல்லிகையும், குருநகர்க் கரையிலிருந்து வரும் கருவாட்டு வாடையும் நிறைந்திருந்தன. அந்தச் சத்தம் மட்டும் இல்லை.

மாதா சொரூபம் வீடு வீடாக வரும் மாதம். இன்றைக்கு இவர்கள் வீட்டு முறை. ஊரே முழங்காலில் நிற்கும்போது மனுசன் ஊன்றுபொல்லை எடுத்து வீசினால் என்ன செய்வது என்று காலையிலேயே அவளுக்குப் பயம். போன கிழமை வீசினாரே. மறதி நோயும் நடுக்கமும் சேர்ந்து வந்த பிறகு, இல்லாதவர்கள் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஈரச் சேலையோடு ஒருத்தி. எப்போதும் பெர்னடெட்டுக்குப் பின்னால்.

“பெர்னா, தள்ளு! பின்னாலை நிக்கிறாள். உன்ரை கழுத்திலை கை வைக்கப் போறாள்!”

பொல்லு அவளுடைய தோளில்தான் விழுந்தது. நீலம் பாய்ந்த இடம் இன்னும் ஆறவில்லை.

பக்கத்து வீட்டு இராசாத்தி காலையில் ஒரு மருந்துப் போத்தலோடு வந்தாள். “எங்கடை அப்புவுக்குக் குடுத்தது அக்கா. நாலு துளி தேத்தண்ணியிலை விடுங்கோ. குழந்தைப்பிள்ளை மாதிரி இருப்பார்.”

கிளினிக் டொக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “உந்த அமைதிப்படுத்திற மருந்துகள் இவருக்கு ஆகாது அம்மா. உடம்பு இறுகிப்போகும். ஆர் தந்தாலும் குடுத்திடாதேங்கோ.”

ஒரு நாள்தானே, அதுவும் மாதாவுக்காகத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தேநீரில் மருந்தை விட்டாள். போத்தல் கூடச் சரிந்து, நாலுக்குப் பதில் ஆறு விழுந்தது.

செபமாலை முடியும்வரை அவர் அசையவேயில்லை. “எவ்வளவு பக்தியாய் இருந்தவர்!” என்று மெச்சிக்கொண்டுதான் எல்லாரும் போனார்கள். அவளுக்கும் பெருமையாக இருந்தது.

“இஞ்சேருங்கோ.”

கையைத் தொட்டாள். காய்ந்த கட்டை. விரல்கள் நிமிரவில்லை. நெற்றி கொதித்தது. எச்சில் வடிந்து சேர்ட் நனைந்திருந்தது. அம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு, அவர் காலடியில் இருந்து அழுதாள்.

“என்னை மன்னியுங்கோ. நான்தான் தந்தனான். நான்தான்.”

கண்கள் மட்டும் அசைந்தன.

அவளை அல்ல, வாசலைப் பார்த்தன. பிறகு மெதுவாக நகர்ந்தன. ஓரடி. இன்னோரடி. யாரோ நடந்து வருவதைத் தொடர்வதுபோல, மாதா சொரூபம் வைத்திருந்த மேசையைக் கடந்து வந்தன.

மருந்து அந்த ஈரச் சேலைக்காரியை விரட்டவில்லை. இவருடைய வாயைத்தான் கட்டிப்போட்டிருக்கிறது. இத்தனை நாளும் அவர் கத்தியது தன்னைக் காப்பாற்றத்தான் என்று பெர்னடெட்டுக்கு இப்போதுதான் விளங்கியது.

கண்கள் நின்றன. அவளுடைய தோளுக்கு மேலே.

பூட்டிய பற்களுக்கிடையில் ஒரு மூச்சு.

“பி...”

மிச்சம் அவளுக்குத் தெரியும். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவள் திரும்பவில்லை. அவருடைய கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள்.

டக்.

டக்.

கடவுளே, கை அசைகிறது. குனிந்து பார்த்தாள்.

அசையவில்லை.

சத்தம் முதுகுப் பக்கமிருந்து வந்தது. சீமெந்து நிலத்தில், சொட்டுச் சொட்டாக. வெளியே மழை இல்லை.

கழுத்தில் ஈரம் பட்டது. ஐந்து விரல்.