இறையிலிப் பட்டினம்

மாலைக் கதிரவன் மேற்கே பனங்காடுகளுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தான். கிழக்கே கடலின் விளிம்பிலிருந்து முழுமதி, இன்னும் வெண்மை பெறாமல், செம்புத் தாம்பாளம்போல் மெல்ல எழுந்தது. அவ்விரு ஒளிகளுக்கும் நடுவே மணிமுகை ஆறு கடலோடு கலக்கத் தயங்கியதுபோல் அசைவற்றுக் கிடந்தது. அதன் தென்கரையில், சுண்ணம் காயாத மதில்களோடும் வரிசை வரிசையாக ஏற்றிய விளக்குகளோடும் நின்ற புதுக்கரைப் பட்டினத்தைத் தொலைவிலிருந்து கண்டிருந்தால், அன்பார்ந்த வாசகர்களே, நீங்களும் வியந்து மகிழ்ந்திருப்பீர்கள். நெருங்கி வந்தவர்களுக்கோ, காரணம் சொல்லத் தெரியாத ஒரு குளிர் முதுகில் ஏறியது.

படகிலிருந்து துறைப்படியில் இறங்கிய உமையாழிக்கும் அது ஏறியது. மூங்கிற்பாடி மிளகு வணிகர்களின் சார்பில் வந்தவள் அவள். அவளுக்குப் பின்னால், ஒரு நாழிகைத் தொலைவில், முந்நூறு குடிகள் மூட்டை முடிச்சுகளோடும் பிள்ளைகளோடும் படகுகளில் வந்துகொண்டிருந்தன. அவர்களுக்குரிய மனைகளைப் பார்த்து வைப்பதற்காக அவள் முந்தி வந்திருந்தாள். வேறொரு காரணமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

துறையதிகாரி எயினன் கைகூப்பி வரவேற்றான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆயினும் பல நாள் உறங்காதவனின் கண்கள்.

"வருக, நங்கையே! எங்கள் கோமானின் ஆணையை முதலில் காணுங்கள்" என்று துறைமுகப்பில் நட்டிருந்த கல்லைச் சுட்டிக்காட்டினான். குடியேறும் வணிகருக்குப் பத்தாண்டுச் சுங்க விலக்கு. வீட்டு மனை இறையிலி, என்றென்றும் வரியில்லை. சரக்குக்கும் உயிருக்கும் அரண்மனைக் காவல். எழுத்துகள் ஆழமாகவும் அழகாகவும் வெட்டப்பட்டிருந்தன.

"வேறெந்த ஊரிலும் இவ்வளவு கொடுக்கமாட்டார்கள்" என்றாள் உமையாழி.

"ஆம். கொடுக்கமாட்டார்கள்" என்றான் எயினன். அவன் குரலில் பெருமை இல்லை.

வணிகப் பெருந்தெருவுக்குள் இருவரும் நடந்தார்கள். வீட்டுக்கு வீடு விளக்கு. கூரைகளுக்கு மேல் அடுப்புப் புகை. ஒரு கடையில் ஒருவன் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தான். உமையாழி விலை கேட்டாள், சொன்னான். பாதிக்குக் கேட்டாள்.

"சரி அம்மணி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றான் உடனே.

உமையாழி திகைத்தாள். பேரம் பேசாத மிளகு வணிகனை அவள் பிறந்தது முதல் கண்டதில்லை. அப்போதுதான் மற்றவையும் உறைத்தன. இத்தனை அடுப்புகள் புகைந்தும் சோறு கொதிக்கும் வாசனை இல்லை. தெருவில் நாய் இல்லை. எந்த வீட்டிலிருந்தும் குழந்தையின் அழுகை கேட்கவில்லை.

ஒரு வீட்டுக்குள்ளிருந்து அரைக்கும் ஓசை வந்தது. எயினன் தடுப்பதற்குள் அவள் உள்ளே நுழைந்துவிட்டாள். இளம்பெண் ஒருத்தி அம்மியில் குழவியை இழுத்துக்கொண்டிருந்தாள். அம்மி காய்ந்து கிடந்தது. கல்லோடு கல் உராய்ந்தது.

"நீ யாரம்மா?"

அவள் தலை நிமிராமல், பாடம் ஒப்பிப்பவள்போல் சொன்னாள்: "என் பெயர் பூதுகி. மூங்கிற்பாடிக் கோரன் சாத்தனின் மனைவி. இங்கே சுகமாக இருக்கிறோம். எல்லோரும் வாருங்கள்."

உமையாழி சுவரைப் பற்றிக்கொண்டாள். பூதுகி என்பது அவளுடன் பிறந்த அக்காளின் பெயர்! சென்ற ஆண்டு முதன்முதலாக இங்கே வந்த நாற்பது குடிகளோடு குடியேறியவள் அவள். மாதந்தோறும் அவள் பெயரில் ஓலை வந்தது. அவற்றை நம்பித்தான் முந்நூறு குடிகளும் புறப்பட்டன. அந்த ஓலைகளில் அக்காளின் குறும்பு ஒரு சொல்லிலும் இல்லாததைக் கண்டுதான் உமையாழி முந்தி வந்தாள்.

"அது என் அக்காள் பெயர். நீ கட்டியிருப்பது அவள் சேலை" என்றாள். "அவள் எங்கே?"

குழவி நின்றது. பெண்ணின் கண்கள் நிறைந்தன. "அம்மா, இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள்" என்று முணுமுணுத்தாள்.

வாயிலில் நின்ற எயினன் தலை குனிந்தான். "கிணறு தோண்டிய இடத்தில் ஏதோ நச்சு ஊற்று, நங்கையே. இரண்டே மாதம். நாற்பது குடிகளிலும் ஒருவர் மிஞ்சவில்லை. செய்தி பரவினால் பட்டினம் அழிந்துவிடும் என்று அமைச்சர் விழுப்பரையர் மறைத்தார். அரண்மனைப் பணிப்பெண்களையும் வீரர்களையும் இறந்தவர் பெயரோடு இவ்வீடுகளில் அமர்த்தினார். இவர்களுக்கு நீரும் சோறும் அரண்மனையிலிருந்து வருகின்றன. ஓலைகளை எழுதியது... நான்."

"கால்வாய் வெட்டி மேலாற்று நீரைக் கொண்டுவந்திருக்கலாமே!"

"அதற்கு இரண்டாண்டு ஆகும் என்றார். அதுவரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. எதிர்த்துப் பேச எனக்குத் துணிவில்லை."

தொலைவில், ஆற்று வளைவில், படகுப் பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றின. காற்றில் ஒரு குழந்தையின் சிரிப்பு மிதந்து வந்தது.

"படகுகள் மணல்திட்டுகளைக் கடந்து எப்படித் துறை சேரும்?" என்று கேட்டாள் உமையாழி.

"கரை விளக்குகளைக் கொண்டுதான் வழி அறிவார்கள். விளக்கில்லாத துறைக்குள் எந்த ஓடக்காரனும் வரமாட்டான்."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். எயினன் அந்தப் பார்வையைத் தாங்கமாட்டாமல் தெருவுக்கு ஓடினான். "விளக்குகளை அணையுங்கள்! என் ஆணை!" என்று கூவினான்.

தெரு உறைந்து நின்றது. அம்மியருகில் இருந்த பெண் எழுந்தாள். தன் விளக்கை வாயால் ஊதி அணைத்தாள். எதிர்வீடு இருண்டது. அடுத்தது, அதற்கடுத்தது. இருள் தெருவழியே நடந்து துறையை அடைந்தது. ஆற்றில் கூக்குரல்கள் எழுந்தன. துடுப்புகள் எதிர்த்துத் துழாவும் ஓசை கேட்டது. பந்தங்கள் பின்வாங்கி வளைவில் மறைந்தன.

உடனே குதிரைக் குளம்பொலி. காவலர்கள் பந்தம் ஏந்திவர, அமைச்சர் விழுப்பரையர் வந்து நின்றார்.

"யார் செய்த துரோகம் இது?"

"நான்" என்றான் எயினன். உடைவாளை உருவி மண்ணில் ஊன்றினான். "இத்தெருவில் நல்ல தண்ணீர் ஓடும் நாள்வரை, இத்துறையில் ஒரு குடியும் காலடி வைக்க விடமாட்டேன். என் உயிர்மேல் ஆணை!"

"பிடியுங்கள் இவனை!"

"முதலில் அணைத்தது நான்!" என்று ஒரு பெண்குரல் குறுக்கிட்டது. "நான் பூதுகி இல்லை. என் பெயர் காமக்காணி. கழிமுகத்து ஓடக்காரர் மகள்."

"நான் கோரன் சாத்தன் இல்லை. வேல்படை வீரன் கணியன்."

"நான் நங்கைபாடி. அரண்மனையில் பூத்தொடுப்பவள்."

இருண்ட வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து, மாதக்கணக்கில் சொல்லாத தம் சொந்தப் பெயர்களைச் சொன்னார்கள். காவலரில் ஒருவன் பந்தத்தை உயர்த்திப் பார்த்தான். "காமி! நீயா? செத்துப்போனாய் என்றல்லவா வீட்டில் சொன்னார்கள்!" என்று கதறி, வேலைக் கீழே எறிந்தான். மற்றவர்களும் அசையவில்லை. விழுப்பரையர் அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு குதிரையைத் திருப்பிக்கொண்டு தனியே போனார்.

எயினன் உமையாழியின் முன் வந்து நின்றான். "விடிந்ததும் கோமானிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன். தலை தப்பினால், முதல் மண்வெட்டியை நானே எடுப்பேன்."

"கால்வாயில் தண்ணீர் வந்ததும் ஓலை அனுப்புங்கள்" என்றாள் அவள். "உங்கள் பெயரிலேயே எழுதுங்கள். வருவதா வேண்டாமா என்று அன்றைக்குச் சொல்கிறேன்."

பிறகு காமக்காணியின் பக்கம் திரும்பினாள். "என் அக்காளை எங்கே புதைத்திருக்கிறார்கள்?"

காமக்காணி அவள் கையைப் பற்றி, மதிலுக்கு அப்பால் நிலவில் வெளிறிக் கிடந்த மணல்மேட்டை நோக்கி அழைத்துச் சென்றாள்.